தங்கை வந்ததும் செய்திதான்

இன்னார் வீட்டுக்கு டொராண்டோவிலிருந்து தங்கை வந்திருக்கிறாராம்.

ஒரில்லியா ஊரின் பழைய பேப்பர் ஸ்கேன் ஒன்றில் இன்று மதியம் கண்ணில் பட்டது. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்றே ஒரு பத்தி முழுக்க!

கனடாவின் ஒன்டாரியோவில் ஏரிக்கரை ஊர். அங்கே 'பேக்கட்' என்ற பத்திரிகை 1870-இல் தொடங்கியது. பின்னாளில் 'பேக்கட் அண்ட் டைம்ஸ்'.

2017 நவம்பர் 27 அன்று போஸ்ட்மீடியா, டோர்ஸ்டார் என்ற இரண்டு கனடியப் பத்திரிகை நிறுவனங்கள் 41 பத்திரிகைகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டன. பெரும்பாலானவற்றுக்கு உடனே மூடுவிழா. இதுவும் போயிற்று. போட்டியை ஒழிக்கும் ஏற்பாடா என்று அரசு விசாரித்தது. 2021-இல் நடவடிக்கை ஏதுமின்றி விசாரணையை முடித்துக்கொண்டது. எனக்கு அது இன்னும் செரிக்கவில்லை.

ஒரில்லியா நகரசபைக் கூட்டத்துக்கு டொராண்டோ நிருபரா வந்து உட்காருவார்?

இப்போது 'ஒரில்லியா மேட்டர்ஸ்' என்ற இணையதளம் ஊர்ச் செய்தி போடுகிறது. சரி, அதுவாவது இருக்கிறதே.