விவாகரத்துக்குப் பிறகும் ஜெர்மனியில்தான்

விவாகரத்து ஆகிவிட்டது என்றதும் திருச்சியில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "பையன் யார்கிட்ட?" அடுத்தது, "அப்ப எப்ப ஊருக்கு வர்ற?" இரண்டுக்கும் என்னிடம் நேரான பதில் இல்லை. பையன் எங்கள் இருவர் பொறுப்பிலும் இருக்கிறான். ஊருக்குத் திரும்புவது நான் மட்டும் முடிவு செய்கிற காரியமும் இல்லை.

கல்யாணமாகி ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்து ஊருக்கு வந்தபோது, நாலைந்து வருஷம் இருந்து காசு சேர்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் பேச்சு. பாத்திரம் பண்டம்கூட அளவாகத்தான் வாங்கினேன். கடைசியில் என்னை இந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியமர்த்தியது விவாகரத்துதான்.

பிரியலாம் என்று பேச்சு வந்ததும் முதலில் பயந்தது விசாவை நினைத்துத்தான். கணவர் பேரில் வந்தவள் நான். இங்கே கணவன் மனைவியாக மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்திருந்தால், பிரிந்த பிறகும் மனைவிக்குத் தனியாகத் தங்கும் உரிமை உண்டு. அதற்குள் பிரிந்தால், வீட்டில் அடி உதை போன்ற கடுமையான காரணம் இருந்தாலொழிய சிக்கல். நான் அந்தக் கெடுவைத் தாண்டியிருந்தேன். தாண்டாத பெண்களும் எனக்குத் தெரிந்து இருக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கதையை நான் எழுதுவது சரியில்லை.

அப்புறம் பிரிவு ஆண்டு. விவாகரத்து கேட்பதற்கு முன் ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். வேறு வீடு பார்த்துப் போக வசதியில்லை என்றால் ஒரே வீட்டிலும் பிரிந்து இருக்கலாம், சமையலும் படுக்கையும் தனித்தனி என்றால் போதும். வாடகை வீடு கிடைக்கிற லட்சணத்தில் நாங்களும் சில மாதம் அப்படித்தான் இருந்தோம். ஃப்ரிட்ஜில் மேல் தட்டு அவருக்கு, கீழ்த் தட்டு எனக்கு. "அப்பா மாவுல அம்மாவுக்குத் தோசை ஊத்தினா போலீஸ் வருமா?" என்று பையன் கேட்டான். அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

குடும்ப நீதிமன்றத்தில் மனுப்போடுகிறவருக்கு வக்கீல் கட்டாயம். எதிர்க்காமல் ஒத்துக்கொள்கிறவருக்கு வேண்டாம். அதனால் ஒரு வக்கீல் செலவோடு முடிந்தது. கல்யாண காலத்தில் இருவர் ஓய்வூதியக் கணக்கிலும் சேர்ந்த புள்ளிகளை ஆளுக்குப் பாதியாகப் பிரிப்பதற்குத்தான் நேரம் பிடித்தது. பையனைப் பற்றி, ஏற்பாடு செய்துகொண்டீர்களா என்று நீதிபதி கேட்டார். ஆமாம் என்றோம், அவ்வளவுதான்.

எனக்கு அது விசித்திரமாக இருந்தது. நம் ஊர் 1956-ஆம் வருஷத்து இந்து காப்பாளர் சட்டத்தில் அப்பா முதல் காப்பாளர், அவருக்குப் பிறகு அம்மா. ஐந்து வயது ஆகாத குழந்தை பொதுவாக அம்மாவிடம் இருக்கும். யாராவது ஒருவர் கைக்குத்தான் பிள்ளை போகும் என்றே நினைத்து வளர்ந்தவள் நான். இங்கே 1998 முதல் விவாகரத்து வேறு, பிள்ளைப் பொறுப்பு வேறு. மாற்றச் சொல்லி யாரும் மனுக்கொடுக்காவிட்டால், சேர்ந்து வாழ்ந்தபோது இருந்த கூட்டுப் பொறுப்பு அப்படியே தொடரும்.

நடைமுறையில் என்ன அர்த்தம் என்றால், பையன் என்னோடு இருக்கிறான். ஒரு வாரம் விட்டு ஒரு வாரக் கடைசியும் விடுமுறையில் பாதியும் அப்பாவோடு. சாப்பாடு, தூக்கம், யார் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போகலாம் என்பதெல்லாம் அவன் இருக்கிற வீட்டில் முடிவாகும். பள்ளியில் சேர்ப்பது, ஆபரேஷன், பாஸ்போர்ட் என்றால் இரண்டு கையெழுத்து. இந்திய பாஸ்போர்ட்டுக்கும் அப்படித்தான்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அழைப்பு மணி அடிக்கும். அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, "சளி இருக்கு, ராத்திரி ஒரு தடவை தொட்டுப் பாரு. நீச்சல் டிரஸ் ஈரமா இருக்கு, காயப் போட்டுடு. கணக்கு டெஸ்ட் வெள்ளிக்கிழமை" என்பார். நான் "சரிங்க" என்பேன். கல்யாணமாகி இருந்த காலத்தில் நாங்கள் இவ்வளவு ஒழுங்காகப் பேசிக்கொண்டதே இல்லை.

பணம் விஷயத்தில் இங்கே சண்டைக்கு அதிகம் இடமில்லை, அட்டவணையே இருக்கிறது. டூசல்டோர்ஃப் அட்டவணை என்பார்கள். அப்பாவின் வருமானம், பிள்ளையின் வயது இரண்டையும் பார்த்தால், பிள்ளைக்காக அவர் மாதாமாதம் தர வேண்டிய தொகை தெரிந்துவிடும். 2025 கணக்கில் ஆறு முதல் பதினொரு வயது வரைக்கும் குறைந்தபட்சம் மாதம் 554 யூரோ. அதில், அரசு அந்த வருஷம் தந்த குழந்தைப்பணம் 255 யூரோவில் பாதி கழியும். யூகெண்ட்ஆம்ட் என்கிற இளையோர் நல அலுவலகத்தில் அதை இலவசமாகவே பத்திரமாக எழுதிக்கொள்ளலாம். அப்பா தராமல் போனால் அரசே ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கும். நம் ஆட்கள் அந்த அலுவலகத்தின் பெயரைக் கேட்டாலே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நடுங்குவார்கள். நான் போனபோது காபி கொடுத்து எதிரில் உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள்.

கஷ்டம் காசைவிட நேரத்தில்தான். பள்ளி விடுமுறை, சனிக்கிழமையையும் சேர்த்து எண்ணினால், வருஷத்துக்கு 75 வேலை நாள். என் லீவு முப்பது. கோடையில் மட்டும் ஆறு வாரம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எடுத்துக்கொள்ள, தனியாக வளர்ப்பவருக்கு ஒரு குழந்தைக்கு வருஷம் முப்பது நாள் வரை தனி விடுப்பு உண்டு, அது பெரிய உதவி. வரிப் பிரிவும் மாறிக் கொஞ்சம் மிஞ்சும். ஆனாலும் காலை ஏழு மணிக்குப் பையன் வாந்தி எடுக்க, எட்டு மணிக்கு மீட்டிங் இருக்க, பக்கத்தில் ஒரு அத்தையோ சித்தியோ இல்லாதபோது எந்தச் சட்டமும் கதவைத் தட்டி வராது. மாடி வீட்டுப் பாட்டி ஒருவர்தான் வந்தார். அவருக்கு ரசம் பழகிவிட்டது.

ஊர் விஷயத்துக்கு வருகிறேன். "அங்க தனியா என்ன பண்ற? பேரனைக் கூட்டிக்கிட்டு வந்துடு கண்ணு, நாங்க பாத்துக்கிறோம்" என்று அம்மா வாராவாரம் சொன்னாள். எனக்கும் ஆசைதான். அவரிடம் கேட்டேன், முடியாது என்றார். அவர் சம்மதம் இல்லாமல் பையனை வெளிநாட்டில் கொண்டுபோய் வைத்துக்கொண்டால் இங்கே அது குற்றம். விடுமுறைக்குப் போவதுகூடக் கொஞ்சம் கூச்சமான பேச்சாகிவிட்டது. எல்லை தாண்டிக் கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்பச் சொல்லும் 1980 ஹேக் உடன்படிக்கையில் ஜெர்மனி இருக்கிறது, இந்தியா சேரவில்லை. அதனால் இந்தியா என்றாலே வக்கீல்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். திரும்பி வருகிற டிக்கெட் நகலும், அவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதமும் பையனின் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொண்டுதான் விமான நிலையம் போகிறேன்.

கோபம் இருந்தது, இப்போதும் சில நாள் இருக்கிறது. பெற்ற தாய் தன் அம்மா வீட்டுக்குப் போக முன்னாள் கணவரிடம் கையெழுத்து வாங்குவதா? ஆனால் அவருக்குச் சென்னையில் நல்ல வேலை வந்தபோது அவரும் பையனைக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கேயே இருந்துவிட்டார். என்னைக் கட்டிப்போட்ட கையெழுத்துதான் அவரையும் கட்டிப்போட்டது. பையனின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது நியாயமாகவே படுகிறது. என் பக்கத்திலிருந்து பார்க்கிற நாட்களில் படுவதில்லை.

எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாம் வரிசையாகப் பிரித்து எழுதிய வக்கீல், "தீபாவளி எந்தத் தேதி?" என்றார். வருஷா வருஷம் மாறும் என்றோம். யார் தீர்மானிப்பார் என்றார். அமாவாசை என்று சொல்ல வாயெடுத்தேன். கடைசியில், திருச்சியில் என்றைக்குக் கொண்டாடுகிறார்களோ அன்றைக்கு என்று எழுதி, ஒரு வருஷம் எனக்கு, ஒரு வருஷம் அவருக்கு என்று முடித்தோம். பொங்கல் முழுக்க என்னுடையது. அவருக்குப் பொங்கல் வைக்கத் தெரியாது.

இந்தக் கோடையில் மூன்று வாரம் திருச்சி. தஞ்சாவூரிலிருந்து அவர் அம்மா கூப்பிட்டு, "ரெண்டு நாள் பேரனை அனுப்பி வைம்மா" என்றார். ஜெர்மன் சட்டத்தில் தாத்தா பாட்டிக்கும் பேரனைப் பார்க்கும் உரிமை உண்டு. அது அத்தைக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. மூன்று நாளாகவே இருக்கட்டும் என்றேன். ஊறுகாய் மட்டும் கட்டிக் கொடுக்காதீர்கள், போன தடவை பெட்டியெல்லாம் எண்ணெய் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்கமாட்டார்.