டிராக்டர்காரரின் கையெழுத்து

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில், கரண்ட் போனால் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுக்கும் யூபிஎஸ் கருவிகளை விற்றுப் பராமரிக்கும் ஒரு கம்பெனியின் கிளையில் 11 வருடம் இருந்தேன். முதல் 4 வருடம் பைக்கில் ஊர் ஊராகப் போகும் சர்வீஸ் வேலை. பிறகு முதுகுவலி வந்து, ஆபீஸில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கச் சொன்னார்கள். வவுச்சர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் வவுச்சரில் சிவப்பு மையால் சுழிக்கிறவன் ஆனேன்.

எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வங்கிக் கிளைகள். திசையன்விளை, ராதாபுரம், சங்கரன்கோவில், அம்பாசமுத்திரம் என்று எந்த ஊரில் யூபிஎஸ் நின்றாலும் எங்கள் ஆள் போயாக வேண்டும். தென்காசி போய்வந்தாலே 100 கிலோமீட்டருக்கு மேல். பெட்ரோலும் மதியச் சாப்பாடும் கைக்காசு. பேட்டரி மாற்றும் நாளில் லோடுமேன் கூலியும் கைக்காசுதான். ஒரு பேட்டரி 30 கிலோவுக்குக் குறையாது. பத்துப் பதினைந்தை மாடி ஏற்றுவது ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் எழுதி, பில்லை ஒட்டி, சென்னைக்குக் கூரியர் போட்டால் பணம் வந்துசேர 45 நாள் ஆகும்.

அந்த 45 நாள் ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்பது சென்னையில் யாருக்கும் தெரியாது. முக்கூடலிலிருந்து 14,000 ரூபாய் சம்பளத்துக்கு ஒரு பையன் வந்து சேர்ந்தான். முதல் மாதமே 4,000 ரூபாய்க்கு மேல் கைக்காசு போட்டிருந்தான். எங்கிருந்துடா வந்தது என்று கேட்டேன். பீடி சுற்றும் அவன் அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடனாம். ஆக, அந்தக் குடும்பம் கம்பெனிக்குக் கடன் கொடுத்திருக்கிறது. வட்டியை அந்த அம்மா கட்டியிருக்கிறார். அதே மாதம் ஹெட் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வாகைக்குளத்துக்கு விமானத்தில் வந்து போனார். டிக்கெட், கார், ஓட்டல் அறை எல்லாம் கம்பெனி முன்கூட்டியே கட்டிவிட்டது. சம்பளம் குறைந்தவன்தான் முதலில் தன் காசை வைக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை ஏன் என்று கேட்காமல் நானும் பல வருடம் நடத்தியிருக்கிறேன். 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியபோதும் எங்கள் கிலோமீட்டர் ரேட் 2016-இல் வைத்த இடத்திலேயே இருந்தது.

தாமதத்தைவிட அதிகமாகக் காயப்படுத்தியது சந்தேகம். ‘பில் இல்லையேல் பணம் இல்லை’ என்பது விதி. அதிலும் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 20 லட்சத்துக்குக் கீழே வியாபாரம் செய்கிற மெஸ்காரர் ஜிஎஸ்டியில் பதிய வேண்டியதே இல்லை. எங்கள் ஆட்கள் சாப்பிட்டதெல்லாம் அப்படிப்பட்ட மெஸ்ஸில். லோடுமேனிடம் ஏது பில்? நான் படித்த 1961 வருமான வரிச் சட்டம், ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால்தான் அதைச் செலவாக ஏற்க மறுத்தது. 300 ரூபாய் கூலிக்கு வாங்கியவர் கையெழுத்திட்ட வவுச்சரே போதும். அதற்கு மேல் கேட்டது சட்டமல்ல, அவநம்பிக்கை.

2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி, ஜங்ஷன் பகுதியே தண்ணீரில் நின்றது. ஸ்ரீவைகுண்டம் பக்கம் சாலைகள் அறுத்துக்கொண்டு போயின. நாலைந்து நாளில் வங்கிகளைத் திறக்க வேண்டும், ஜனங்கள் கையில் காசில்லை. யார் போவது என்று மேனேஜர் கேட்டபோது எங்கள் மூத்த டெக்னீஷியன் அண்ணாச்சி எழுந்தார். உடைப்பு விழுந்த இடத்தில் ஒரு டிராக்டரில் ஏறிக் கடந்திருக்கிறார். சேறு பிடித்த பேட்டரிகளை இரண்டு லோடுமேன்களோடு வெளியே எடுத்துப்போட்டு, இரவு எட்டு மணிக்கு ஸ்ரீவைகுண்டம் வங்கிக் கிளைக்குக் கரண்ட் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். டிராக்டருக்கு 600, லோடுமேன்களுக்குத் தலைக்கு 400. மொத்தம் 1,400.

வங்கியின் பணம் கட்டும் சலானைத் திருப்பி, அதன் முதுகில் ‘ரூ. 600 பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, டிராக்டர்காரரிடம் கையெழுத்து வாங்கி வந்திருந்தார். ஈரத்தில் பேனா ஓடவில்லை போல, பென்சிலால் போட்ட கையெழுத்து. காய்ந்து அப்பளம் மாதிரி சுருங்கியிருந்தது. லோடுமேன்களின் பெயரும் கீழே இருந்தது. அந்தச் சீட்டை நான் அனுப்பவில்லை. இதை பில் என்று ஏற்கமாட்டார்கள், அனுப்பி என்ன பயன் என்று எடுத்து வைத்துவிட்டேன். சென்னையிலிருந்து 1,400 வெட்டுப்பட்டு வந்தது.

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. “தண்ணிக்குள்ள வந்தவங்கிட்ட நான் எந்த நம்பரைத் தம்பி கேப்பேன்?” என்று மட்டும் சொன்னார்.

ஜனவரி மாத வவுச்சரில் அவருடைய எல்லாச் செலவுக்கும் பில் இருந்தது. ஒரே பில் புத்தகம், அடுத்தடுத்த எண்கள், ஒரே கையெழுத்து, எல்லாவற்றிலும் ஜிஎஸ்டி எண். சென்னையில் ஒரு ரூபாய் குறையாமல் பாஸானது. 20 வருடம் ஒரு டீக்காசைக் கூட்டி எழுதாத மனுஷர். உண்மையை வெட்டி, பொய்யைப் பாஸ் செய்த கணக்கில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது. மற்றவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதன் பிறகு ஆறு மணிக்கு மேல் போன் அடித்தால் யாரும் எடுப்பதில்லை. யார் போவது என்று கேட்டால் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

2024 ஏப்ரலில் மேனேஜர் மாறினார். வந்த அம்மா பாளையங்கோட்டைக்காரர். முதல் வாரமே ஆளுக்கு 3,000 ரூபாய் நிரந்தர அட்வான்ஸ் வாங்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வவுச்சர் கொடுத்தால் திங்கட்கிழமை பணம். நாளுக்கு 300 ரூபாய் வரை பில் வேண்டாம், சொந்தக் கையெழுத்து போதும். கையெழுத்து போதும் என்பதற்காகச் சென்னையோடு இரண்டு மாதம் சண்டை போட்டார். செலவு எகிறிவிடும் என்று எனக்குள்ளும் பயம் இருந்தது. எகிறவில்லை. பில் புத்தக பில்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முக்கூடல் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் சொல்லாமலே சங்கரன்கோவில் போய்வந்தான்.

அந்தச் சலானைப் புது மேனேஜரிடம் கொண்டுபோய் வைத்தேன். நான்தான் அனுப்பவில்லை என்பதையும் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. ஒரு கடிதம் எழுதிச் சீட்டோடு சென்னைக்கு அனுப்பினார். ஆகஸ்டில் 1,400 வந்தது.

கவரை அண்ணாச்சி கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார். ஒரு நூறு ரூபாய்த் தாளை மட்டும் தனியே மடித்து மேல்சட்டைப் பையில் வைத்தார்.

“அந்தாளு எழுநூறு கேட்டாரு தம்பி. கையில இல்லாம நூறு பாக்கி வச்சிட்டு வந்தேன். ஸ்ரீவைகுண்டத்துக்கு கால் வந்தா என்னையவே அனுப்பச் சொல்லுங்க.”