அம்மாவின் நேர்த்தியும் ஆயித்தியமலைத் தாயும்

தங்கச்சியின் பிள்ளை நாள் முந்திப் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, "இவனைத் தந்திட்டால் செருப்பில்லாமல் நடந்து வருவம் தாயே" என்று சதாசகாய மாதாவிடம் நேர்ந்துகொண்டவர் அம்மா. இப்போது மருமகன் தவழ்கிறான். அம்மாவுக்குத்தான் முழங்கால் ஏலாது. அவருக்காக ஆயித்தியமலைச் சதாசகாய மாதா கோவிலின் இந்தத் திருவிழாவுக்கு நான் நடந்தேன்.

மட்டக்களப்பு நகரிலிருந்து விடிய முன்னமே செபமாலையோடு வெளிக்கிட்டோம். வலையிறவுப் பாலம் கடந்து வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் கால் வைக்கும்வரை ஒரு கரைச்சலும் இல்லை. வவுணதீவு தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. செப்டம்பர்க் கச்சான் காற்று அனலாக அடித்தது. தார் றோட்டில் உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. ஒரு படலையடியில் திருநீறு பூசிய ஆச்சி, "இரி மனே" என்று மறித்து, குடத்துத் தண்ணீரை என் காலில் ஊற்றினார். அந்தக் கைக்கு மாதா குறையேதும் வைக்கக்கூடாது. யுத்த காலத்தில் இதே வவுணதீவில், சோதனைச்சாவடியில் பையைக் கொட்டிக் காட்டித்தான் அம்மா திருவிழாவுக்குப் போய்வந்தார். அதை நினைத்தால் என் கொப்பளம் ஒரு கணக்கா?

கோவில் வளவுக்குள் புழுதியும் நெரிசலும். மெழுகுதிரி விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். திருப்பலி நடக்கும்போதே போனைத் தூக்கிப் பிடித்துப் பின்னால் நிற்கிறவர்களை மறைக்கிறார்கள். வயதானவர்கள் செபிக்க ஒரு பக்கத்தையாவது ஒதுக்கிவிட்டால் நல்லது.

அப்புறம் எப்படியோ மாதாவின் படத்துக்கு முன்னால் வந்துவிட்டேன். சிறுவயதிலிருந்து புதன்கிழமை நவநாளில் பார்த்த படம்தான். சம்மனசுகள் (வானதூதர்கள்) காட்டும் சிலுவையையும் ஈட்டியையும் கண்டு பயந்த குழந்தை, இரண்டு கையாலும் தாயின் கையைப் பிடித்திருக்கிறது. ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்பு கழன்று வாரில் தொங்குகிறது. 1866 முதல் ரோமில் அல்போன்சு ஆலயத்தில் வணங்கப்படும் மூலப்படத்திலும் அப்படித்தான். பெட்டிக்குள் தங்கச்சி கைவிட்டபோது எங்கள் பிள்ளையும் அவள் விரலை அப்படித்தான் பிடித்தான். அதற்குமேல் எனக்குச் செபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

தாயே, அவன் மூச்சு சீரானது, நிறை ஏறியது, கண் தெரிவது, முதல்முறை வாய்விட்டு அழுதது எல்லாம் நீங்கள் தந்தது. இரவெல்லாம் விழித்திருந்த அந்தத் தாதிமாரையும் ஆசீர்வதியுங்கள். அடுத்த முறை அம்மாவை வாகனத்தில் ஏற்றிப் பிள்ளையோடு கூட்டிவருகிறேன், தாயே!