கத்தரிப்பூ அறையும் ஒரு கருப்புச் சுவரும்

மே 2, 2024, வியாழன்

முழுப்பரீட்சை முடிந்த அன்றே பாப்பா அறிவித்துவிட்டாள், இனிமேல் தனி அறையில்தான் படுப்பாளாம். எட்டு வயது. மதுரையில் அப்பா 1994-இல் கட்டிய வீடு இது, அவள் கேட்பது நானும் தங்கையும் படுத்த அதே அறை, இப்போது பழைய மெத்தை, உடைந்த டேபிள் ஃபேன், கொலு பொம்மைப் பெட்டி எல்லாம் அடைந்து கிடக்கிறது. எங்கள் காலத்தில் நீலம் கலந்த சுண்ணாம்புதான். சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட அப்பாவிடம் மனு போட வேண்டும்.

இவள் மனு எல்லாம் போடவில்லை. நோட்டில் எழுதியே கொடுத்துவிட்டாள்: பிங்க் கலர், கூரையில் நட்சத்திரம், ஒரு பெரிய யூனிகார்ன். கிடைக்காத பொருளைக் குதிரைக்கொம்பு என்போம் நாம். அதைக் குதிரையோடு சேர்த்து ஸ்டிக்கராக விற்கிறார்கள், விலையும் மலிவு.

மே 5, ஞாயிறு

நேற்று கத்திரி பிறந்தது, இன்று நாங்கள் சாமான் ஒழித்தோம். நல்ல நாள் பார்த்தோம்!

பீரோவை நகர்த்தியதும்தான் தெரிந்தது, பாத்ரூமை ஒட்டிய சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம். பெயிண்ட் கொப்பளித்து, தொட்டால் அப்பளமாக உதிர்கிறது, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. பாப்பா அதைத் தொட்டு நாக்கில் வைக்கப் போனாள், பிடித்து இழுத்தேன். யூனிகார்ன் ஒட்ட வேண்டும் என்று அவள் குறித்து வைத்திருந்ததும் அதே சுவர்தான்.

மே 6, திங்கள்

பெயிண்டர் அண்ணன் வந்து பார்த்தார். விரல் மடக்கிச் சுவரைத் தட்டிக்கொண்டே போனவர் அந்த இடத்தில் நின்று, "செவத்துக்குள்ள தண்ணி இருக்குக்கா, இது மேல நீங்க தங்கத்தையே பூசினாலும் ஆறு மாசம்தான்" என்றார். பாத்ரூம் டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் செங்கலிலும் சிமெண்டிலும் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறது, தண்ணீர் காய்ந்து போகிறது, உப்பு மட்டும் நின்று பெயிண்டைத் தள்ளுகிறது. அதனால் முதல் வேலை அந்தப் பக்கம். டைல்ஸ் இடுக்கைச் சுரண்டித் தண்ணீர் புகாத எபாக்ஸிப் பசை வைக்க வேண்டும், இந்தப் பக்கம் பூச்சைக் கொத்திவிட்டுச் சும்மா காயவிட வேண்டும். எத்தனை நாள் என்று கேட்டேன். சிரித்தார்.

மற்ற மூன்று சுவருக்கும் பழைய டிஸ்டெம்பரைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, அப்புறம்தான் கலர். (உப்புப் பூத்த சுவருக்கு உப்புத்தாளாம்! பாப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.)

ஜன்னல் கம்பியில் இருப்பது வீடு கட்டியபோது அடித்த பச்சை எனாமல். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம், உலர வைத்துத் தேய்த்தால் தூசி பறக்கும், பிள்ளைகளுக்கு அது ஆகாது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொன்னேன். தேய்த்து முடித்துத் தரையை ஈரத்துணியால் இரண்டு தடவை துடைக்கும் வரை பாப்பாவுக்கு அம்மாச்சி அறையில் சிறை.

மே 8, புதன்

கலர் சண்டை. எனக்கு இளமஞ்சள் ஆசை, அவளுக்குப் பிங்க். கேட்லாக்கில் தபால் தலை அளவில் பார்ப்பது ஒன்று, சுவரில் வருவது வேறு. சின்னச் சின்ன டப்பாவாக மூன்று வாங்கி மேற்குச் சுவரில் ஓரடிக்கு ஓரடி பூசி வைத்தோம். சாயங்கால வெயிலில் அவளுடைய பிங்க் ரோஸ்மில்க் மாதிரி இருந்தது, இரவு டியூப்லைட்டில் அதுவே பல்லுக்குக் கட்டும் செட் ஈறு மாதிரி ஆகிவிட்டது, இதைச் சொன்னது நான் இல்லை, அம்மா. மஞ்சளும் தேறவில்லை. மூன்றாவது டப்பா கடைக்காரர் தலையில் கட்டியது, வெளிர் கத்தரிப்பூ. எந்த நேரம் பார்த்தாலும் அது அடக்கமாகவே இருந்தது. சரி, அதுவே.

மே 9, வியாழன்

கடையில் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத், தாண்டக் கூடாது என்று 2017 நவம்பரிலிருந்து விதி, அது டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். அளவுக் கணக்கு எளிது: ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 120 முதல் 140 சதுர அடி என்று அதிலேயே இருக்கிறது, மூன்று சுவரும் கதவு ஜன்னல் போக சுமார் 270 சதுர அடி, இரண்டு கோட்டுக்கு 540. நாலரை லிட்டர் தாண்டாது, ஐந்து வாங்கினேன். வெள்ளை பேஸில் மெஷின் சொட்டுச் சொட்டாகக் கலர் விட்டுக் குலுக்கியதைப் பாப்பா கண் கொட்டாமல் பார்த்தாள். மூடியில் ஒட்டிய ஷேடு நம்பரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன், நாலாவது சுவருக்கு எப்படியும் தேவைப்படும்.

மே 14, செவ்வாய்

இரண்டு கோட்டும் முடிந்தது. வீடே கத்தரிக்காய்த் தோட்டம் என்கிறார் இவர். அவருக்கு வேறு வேலை இல்லை.

மே 19, ஞாயிறு

யூனிகார்ன் ஸ்டிக்கர் வேண்டாம் என்று ஒருவழியாகப் பேசி முடித்தேன். பிய்க்கும்போது பெயிண்டையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும் என்பது ஒரு காரணம், எனக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மையான காரணம். பதிலுக்குக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் வெள்ளைப் பெயிண்டில் பெரிய கோலம். இது என் யோசனை, நெட்டில் படம் பார்த்து மயங்கியதன் விளைவு.

9 புள்ளி, 5-இல் நிறுத்தும் ஊடுபுள்ளி, அதாவது ஒரு வரியின் புள்ளி அடுத்த வரியின் இரண்டு புள்ளிக்கு நடுவே விழும். 9, அதற்கு மேலும் கீழும் 8, 7, 6, 5, ஆக 61 புள்ளி. ஸ்கேல், நூல், பென்சில் எல்லாம் வைத்துப் புள்ளிக்குப் புள்ளி 6 அங்குலம், வரிக்கு வரி 6 அங்குலம் என்று சுத்தமாகக் குறித்து, சாக்பீஸில் கோடும் இழுத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். வாசலில் நின்றபடியே, "பூ என்னடி இவ்வளவு நெட்டையா நிக்குது?" என்றார்.

ஊடுபுள்ளியில் அக்கம்பக்கத்து மூன்று புள்ளிகளும் சமபக்க முக்கோணமாக விழ வேண்டும். பக்கம் 6 அங்குலம் என்றால் வரிக்கு வரி 5.2 அங்குலம்தான் வரும். எட்டு இடைவெளிக்கும் சேர்த்து ஆறு அங்குலத்துக்கு மேல் உயரம் கூடியிருக்கிறது! மார்கழி முழுக்க இருட்டில் குனிந்து போடும் அம்மாவுக்கு ஸ்கேலும் கிடையாது, இந்தக் கணக்கும் கிடையாது, விரல் தானாகப் போய் இரண்டு புள்ளிக்கு நடுவே உட்காரும்.

நல்லவேளை, பெயிண்ட் தொடவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன்.

மே 20, திங்கள்

திருத்தி வரையலாம் என்று உட்கார்ந்தால் அம்மா அடுத்த குண்டைப் போட்டார். "நெட்டையோ குட்டையோ, கோலத்தை எதுக்குப் பெயிண்ட்ல போடணும்? மறுநாள் கூட்டி அழிச்சாத்தானே அடுத்தது போட முடியும்?"

எனக்குச் சுருக்கென்றது. வாசலில் வழுக்கலாகப் பெயிண்ட் கோலம் போடுகிற வீடுகளைக் கிண்டல் செய்கிறவள் நான்தான். பாப்பா இடையில் புகுந்து, "அப்ப நான் தினமும் வேற வரையலாமா?" என்றாள். அலங்காரம் நான் செய்து அவள் பார்ப்பது என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறேன், அவள் கை வைக்கிற மாதிரி அறையில் ஒரு இடமும் நான் யோசிக்கவில்லை.

மே 21, செவ்வாய்

கரும்பலகைப் பெயிண்ட் கால் லிட்டர். தரையிலிருந்து ஓரடி விட்டு, நாலடிக்கு நாலடி, சுற்றிலும் டேப் ஒட்டி நானே அடித்தேன். அவள் கைக்கு மேல் ஓரம் வரை எட்டும், கட்டில் தள்ளி இருப்பதால் சாக்பீஸ் தூள் தலையணையில் விழாது. மூன்று நாள் தொடக் கூடாது.

அம்மா பள்ளியில் படித்தபோது ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அரைத்துப் பிள்ளைகளே போர்டுக்குப் பூசுவார்களாம், யாருக்கு அந்த வேலை என்று அடிதடியே நடக்குமாம். சிலேட்டுக்குக் கோவை இலை.

மே 25, சனி

முதலில் சாக்பீஸைப் படுக்க வைத்துப் பலகை முழுக்கத் தேய்த்துத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முதலில் வரைந்தது தடமாக நின்றுவிடும். தேய்த்தது பாப்பா. தலை முதல் கால் வரை திருநீறு.

முதல் ஓவியம் யூனிகார்ன். அம்மாச்சி அதற்கு நெற்றிச்சுட்டி வரைந்துவிட்டார்.

ஜூன் 9, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. நேற்று இரவு ஓதச் சுவரில் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தேன், காலையில் தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். இன்னும் காயவில்லை. அந்தச் சுவர் அப்படியே சிமெண்டாகத்தான் நிற்கிறது, வருகிறவர்கள் எல்லாம் முதலில் அதைத்தான் பார்த்துக் கேட்கிறார்கள்.

பலகையில் இன்று 5 புள்ளி, 3-இல் நிறுத்தம். கீழே கோணல் எழுத்தில் ஒரு வரி: "அம்மா அழிக்காதே. நானே அழிப்பேன்."