பல் போன சக்கரம்: கிருஷ்ணகிரி நாட்குறிப்பு

ஏப்ரல் 28

சாவி கொடுத்து ஓடும் கிராமபோன் ஒன்று பழுதுக்கு வந்திருக்கிறது. சாவி முழுக்க இறங்கிவிட்டது. தட்டைச் சுற்றவிட்டு, தானாக நின்ற பிறகு, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொக்கியை விலக்கி மிச்ச இறுக்கத்தையும் விட்டாயிற்று. இது முடியாமல் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் கை வைக்கவே கூடாது. கவர்னர் கழன்றால் ஸ்பிரிங்கைத் தடுக்க ஆளில்லை. எல்லாச் சக்கரமும் ஒரே பாய்ச்சலாக ஓடி, எங்கே பலவீனமோ அங்கே பல் உதிரும். இந்த கிராமபோனின் நடுச்சக்கரத்திலும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். மூன்று பல், பக்கம்பக்கமாக, அடியோடு.

ஏப்ரல் 29

கிராமபோனைக் கொடுத்த பெரியவர் வீட்டிலிருந்து போன். சொல்ல இன்னும் ஒன்றும் இல்லை.

மே 1

மண்ணெண்ணெயில் ஊறிய கிரீஸ் இப்போதுதான் விடுகிறது. கிராஃபைட் கலந்த பழைய கிரீஸ் கல்லாக இறுகியிருந்தது. பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்தின் பல்லிடுக்கில் ஈர்க்குச்சியைச் சீவி விட்டுக் கிளறினேன். கம்பி போட்டால் கீறல் விழும்.

வழக்கம்போல பித்தளைச் சக்கரத்தைவிட எஃகுப் பினியன்தான் அதிகம் தேய்ந்திருக்கிறது. தூசி மெத்தென்ற பித்தளையில் பதிந்து, எஃகை அரம் மாதிரி அராவிவிடும். தேய்மானமும் ஒரே பக்கம், ஏனென்றால் சுமை எப்போதும் ஒரே திசையில். மறுபக்கம் புதுசாக இருக்கிறது. சக்கரத்தைத் திருப்பிப் போட ஆசைதான், ஆனால் பினியனோடு ரிவெட் அடித்தது. கழற்றினால் மையம் தவறும். தொடவில்லை.

மே 3

துளை. மூன்று நாளாக மனசில் இதுதான்.

எல்லோரும் பல்லைத்தான் பார்க்கிறார்கள். அச்சு உட்காரும் துளை நீள்வட்டமாகிவிட்டால் இரண்டு சக்கரமும் விலகி, பல் நுனியோடு நுனி உரசும். அந்த நிலையில் எத்தனை அழகாகப் பல் கட்டினாலும் மறுபடி போய்விடும். துளைதான் முதலில்.

இதிலும் ஒரு வம்பு இருக்கிறது. துளையை அகலமாக்கும் ரீமரை நேராகவிட்டால் அது தேய்ந்த பக்கமே சாய்ந்துகொள்ளும், புது மையமும் தப்பாகவே வரும். முதலில் தேயாத பக்கத்தை வட்ட அரத்தால் அதே அளவு அராவி, பழைய மையத்தை மீட்க வேண்டும். பிறகுதான் ரீமர். அச்சு முனையைப் பாலிஷ் செய்துவிட்டு அளந்தால் 2.95 மி.மீ. அதற்கு 2.98 உள்துளை, 5 மி.மீ. வெளிவிட்டம், பாஸ்பர் வெண்கலத்தில் புஷ், அதாவது துளைக்குள் போடும் சின்னக் குழாய். முனையைப் பாலிஷ் செய்யாமல் அளந்து புஷ் கடைந்தால் அந்த வேலை வீண்.

இன்னொன்று. அச்சைத் தாங்கும் இரண்டு தகட்டிலும் புது புஷ் போடுவதால், ஒன்றை அரை மி.மீ. உள்ளே தள்ளி, எதிர்ப்பக்கத்தை அதே அளவு வெளியே இழுத்தால் அச்சு முழுதும் நகரும். பினியனில் பள்ளம் விழாத இடம் பல்லுக்குக் கிடைக்கும். இதைத்தான் செய்யப்போகிறேன்.

மே 5

ஓசூர். சிப்காட் பக்கம் ஒரு பட்டறை. சக்கரத்தைப் பார்த்ததும், “0.5 மாடியூல் கட்டர் இருக்குண்ணே, புதுசாவே போட்டுடலாம்” என்றார். 80 பல், வெளிவிட்டம் 43.4 மி.மீ. மாடியூல் என்பது பல்லின் அளவு; பல் எண்ணிக்கையோடு இரண்டு கூட்டி, 82-ஆல் வெளிவிட்டத்தை வகுத்தால் 0.529. அது அங்குலக் கணக்கு, 48 டி.பி., அதாவது ஓர் அங்குல விட்டத்துக்கு 48 பல். 0.5-இல் வெட்டினால் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி 0.09 மி.மீ. குறையும், இந்தப் பினியனோடு சேரவே சேராது. “அப்ப வேணாண்ணே” என்று அவரே சொல்லிவிட்டார். புஷ் மட்டும் கடைந்து வாங்கி வந்தேன்.

பழைய சக்கரத்துக்கே பல் கட்டுவதுதான் சரி.

மே 6

மதியம் முழுக்க கரண்ட் இல்லை.

மே 8

மூன்று பல்லுக்கு 5 மி.மீ. அகலம். நகை ரம்பத்தால் விளிம்பில் புறாவால் வெட்டு, அடியில் அகலம், மேலே குறுகல், ஆழம் 2.5. பித்தளைத் துண்டை அராவி அராவி, மெல்லத் தட்டினால்தான் நுழைகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். ஈயப்பற்று போதும், 190 டிகிரிக்குள் உருகிவிடும். வெள்ளிப்பற்று 600-க்கு மேல் கேட்கும், அந்தச் சூட்டில் சுற்றியுள்ள பித்தளைப் பல்லெல்லாம் இளகிவிடும், பினியனின் கடினமும் போய்விடும். பற்று ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் ரோசின் மட்டுமே. ஆசிட் மிச்சமிருந்தால் பினியன் துருப்பிடிக்கும்.

மே 9

போன். “இன்னும் எவ்வளவு நாளுங்க?” குரல் தாழ்ந்திருந்தது.

மே 11

நல்ல பல் நான்கின் உருவத்தை மெல்லிய தகரத்தில் வெட்டி மாதிரி எடுத்தேன். அதைத் துண்டின் மேல் நகர்த்தி வைத்து, கோடு போட்டு, ஊசி அரம். பல்லுக்குப் பத்துப் பன்னிரண்டு இழுப்பு, பிறகு லென்ஸ். மார்க்கர் மை பூசிப் பினியனோடு கையால் சுற்றினால் எங்கே மை அழிகிறதோ அங்கே மட்டும் ஓர் இழுப்பு. அவசரப்பட்டு அடிப்பள்ளத்தை ஆழமாக்கினால் பல் மெலிந்துவிடும். முதல் பல் வந்துவிட்டது. அழகாக இருக்கிறது!

மே 12

மூன்றும் முடிந்தது. துளையும் சரி, அச்சு ஆடவில்லை.

மே 13

ஓடுகிறது. புதுப் பல் கடக்கும்போது சத்தமே இல்லை. ஆனால் கவர்னர் பக்கம் ஒரு கிர்ர். கவர்னர் அச்சிலுள்ள திருகு மாதிரியான வார்ம், பல்லோடு அதிகம் நெருங்கியிருக்கிறது. கவர்னர் புஷ்ஷின் துளை மையம் தள்ளி இருப்பதால் அதைக் கொஞ்சம் திருப்பினாலே இடைவெளி மாறும். ஒரே தடவையில் நிறையத் திருப்பக்கூடாது. நெருங்கினாலும் கத்தும், விலகினாலும் கத்தும். கவர்னர் தகட்டில் உரசும் தோலுக்கு ஒரு சொட்டு எண்ணெய். அது காய்ந்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும்.

சத்தம் அடங்கினால் நாளை வேகம் பார்க்கும் 77 கோடு அட்டையைத் தட்டில் வைத்து, நிமிடத்துக்கு 78 சுற்று வருகிறதா பார்க்க வேண்டும். வேகம் சரியென்றால் மின்விளக்கின் துடிப்பில் கோடு நிற்பதுபோல் தெரியும். எல்.இ.டி. வெளிச்சத்தில் கோடு பல சமயம் சரியாக நிற்காது, பழைய குண்டு பல்பு ஒன்று தேட வேண்டும்.