ஆடிக்கூழும் அதற்குச் சொல்லப்படும் காரணங்களும்

ஆடி முதலாம் நாளான ஆடிப்பிறப்பை யாழ்ப்பாணத்தில் ஏன் கூழ் காய்ச்சிக் கொண்டாடுகிறோம் என்பதற்கு, ஆடி பிறக்க ஒரு கிழமை இருக்கும்போதே கைத்தொலைபேசிக்கு விளக்கங்கள் வரத் தொடங்கிவிடும். தட்சிணாயனத்தின் தொடக்கம் என்று ஒன்று, உழவர் விதைப்புக்கு ஆயத்தமாகும் நாள் என்று இன்னொன்று. பாரதப் போர் தொடங்கிய நாள், அம்மனைக் குளிர்விக்கும் நாள், பிதிரருக்குப் படைக்கும் நாள் என்றும் வரும். ஒரே ஆளே ஒரே காலையில் இவற்றில் நாலை அனுப்பி வைப்பதுண்டு. நாலும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பது கிடையாது.

ஒரு பண்டிகைக்குப் பல காரணம் இருப்பதில் பிழையில்லை. ஆனால் எது யாழ்ப்பாணத்து ஆடிப்பிறப்புக்கு உரியது, எது வேறிடத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. சொல்லப்படும் காரணம் அந்த நாளோடு பொருந்த வேண்டும், இந்த மண்ணோடு பொருந்த வேண்டும், பானைக்குள் இருப்பதோடும் பொருந்த வேண்டும்.

முதலில் நாள். ஆடிப்பிறப்பு திதியை வைத்தோ நட்சத்திரத்தை வைத்தோ வருவதில்லை. சூரியன் மிதுனத்தை விட்டுக் கர்க்கடகத்துக்குள் போகும் நேரம்தான் கணக்கு. ஜூலை 16 அல்லது 17இல் அது வரும். பெயர்ச்சி பொழுது படுவதற்கு முன் நடந்தால் அன்றைக்கே ஆடி 1, பொழுதுபட்ட பின் என்றால் அடுத்த நாள். யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டின் பெயர்ச்சி நேரமும் மணிக்கணக்கில் வேறுபடும். ஒன்று பொழுது படுவதற்கு முன்னும் மற்றது பின்னும் விழுந்தால், பக்கத்துப் பக்கத்து வீடுகளில் கூழ் ஒரு நாள் தள்ளிக் கொதிக்கும். அதற்காகச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. எந்தப் பஞ்சாங்கத்தில் தைப்பொங்கல் பொங்குகிறீர்களோ அதிலேயே ஆடியையும் பாருங்கள். இரண்டும் ஆறு மாத இடைவெளியில் நிற்கும் சோடி நாட்கள்.

இந்தச் சோடிதான் தட்சிணாயன விளக்கத்துக்குப் பலம். தை முதல் ஆனி வரை உத்தராயணம், தேவர்களுக்குப் பகல். ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயனம், தேவர்களுக்கு இரவு. அந்த இரவின் மாலைப்பொழுதுதான் ஆடி மாதம் என்று சைவசமயப் பாடம் படித்து வளர்ந்த பெரியவர்கள் சொல்வார்கள். பண்டிகை மாதத்தின் நடுவிலோ பூரணையிலோ வராமல் சரியாக முதல் நாளில் வருவதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதையே "இன்று முதல் சூரியன் தெற்கே திரும்புகிறது" என்று பாடசாலை மேடையில் பேசினால் பிழை. சூரியன் திரும்புவது ஜூன் 21 அளவில். சோதித்துப் பார்க்க ஒரு மீற்றர் நீளத் தடியொன்று போதும். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9 பாகை 40 கலையில் இருக்கிறது. ஜூன் 21 அன்று மத்தியானம் 12.12 அளவில் தடியை நேராக நட்டால், சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும், நீளம் 24, 25 சென்ரிமீற்றர் வரும். ஆடி முதலாம் நாள் 12.16 அளவில் அதே தடியின் நிழல் 20 சென்ரிமீற்றர்தான். அதாவது ஆடி பிறக்கும்போது சூரியன் தெற்கு நோக்கி ஏற்கெனவே கொஞ்சத்தூரம் வந்துவிட்டது. 

பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுவதுதான் இந்த 25 நாள் வித்தியாசத்துக்குக் காரணம். ஏறத்தாழ 72 வருடத்துக்கு ஒரு பாகை விலகும், இன்றைக்கு விலகல் 24 பாகையைத் தாண்டிவிட்டது. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் சுமார் 1,700 வருடங்களுக்கு முன் ஆடி முதலாம் நாளும் சூரியன் திரும்பும் நாளும் ஒன்றாக இருந்திருக்கின்றன. விளக்கம் அந்தக் காலத்தில் சரியாக இருந்தது. நாள் நகர்ந்துவிட்டது, விளக்கம் நகரவில்லை. தைப்பொங்கலுக்கும் இதே கதைதான்.

அடுத்தது மண். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதை வைத்து ஆடிப்பிறப்பை உழவர் திருநாளாக்குவது இப்போது பரவலாக நடக்கிறது. பழமொழி நல்ல பழமொழிதான், ஆனால் இந்த மண்ணுக்கு உரியதல்ல. குடகில் தென்மேற்குப் பருவமழை கொட்டி, காவிரியில் புதுவெள்ளம் வருகிற நாட்டுக்கு அது பொருந்தும். அங்கே ஆடிப் பதினெட்டாம் பெருக்குக்கு ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறென்று சொல்ல இருப்பது வழுக்கையாறு. அதுவும் மாரியில் மட்டும் ஓடும், ஆடியில் அதன் படுக்கையில் மாடு மேயும். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். ஆடியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றும் புழுதியும்தான். மானாவாரி நெல் ஆவணி, புரட்டாதியில் விதைத்துத் தை, மாசியில் வெட்டுவது. ஆகவே ஆடியில் இங்கே நெல் விதைப்பும் இல்லை, அறுவடையும் இல்லை. உழவுக் காரணத்தை யாழ்ப்பாணத்துக்குச் சொல்ல விரும்புகிறவர் வேறு மாதிரித்தான் சொல்ல வேண்டும். வயலில் வேலை குறைந்த காலம், வீட்டில் தையில் வந்த நெல் குறைந்துகொண்டு போகும் காலம், ஒரு சுண்டு மாவில் வீடு முழுவதும் வயிறு நிறையக் குடிக்கலாம் என்று. இது என் ஊகம், அதற்கு மேல் இதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம்.

"ஆடி கூடாத மாதம்" என்பதும் பாதி உண்மை. கலியாணம் வைக்கமாட்டார்கள், குடிபுக மாட்டார்கள். ஆனால் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் 25 நாள் திருவிழாவுக்குக் கொடி ஏறுவது ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள். பல வருடங்களில் அது ஆடிக்குள்ளேயே வரும். கூடாத மாதத்தில் யாரும் கொடியேற்ற மாட்டார்கள். வீட்டுக் காரியத்தை ஒதுக்கிவைத்து மாதத்தைக் கோயிலுக்கு விட்டுக் கொடுத்தார்கள் என்பதுதான் சரியாக இருக்கும்.

பிதிரர் கதைக்கு ஓரளவு ஆதாரம் உண்டு, ஏனென்றால் கூழைக் குடிக்க முன் படைக்கிறோம். ஆனால் பிதிரருக்கென்றே அதே மாதத்தில் ஆடி அமாவாசை இருக்கிறது. அதன் முறையே வேறு. தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து கீரிமலையில் தீர்த்தமாடுவார்கள். சமையலில் காத்தோட்டிக்காய் கட்டாயம். ஆடிப்பிறப்பில் விரதமும் இல்லை, துக்கமும் இல்லை. அமாவாசையின் காரணம் பின்னோக்கி வழிந்து முதலாம் நாளுக்கும் வந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

பாரதப் போர் ஆடி முதலாம் நாள் தொடங்கிப் பதினெட்டாம் நாள் முடிந்தது என்பதை ஒரு கேள்வியில் முடிக்கலாம். பத்தாம் நாள் விழுந்த பீஷ்மர் அம்புப் படுக்கையில் உத்தராயணத்துக்காகக் காத்துக் கிடந்தது 58 இரவுகள் என்று பாரதமே சொல்கிறது. ஆடி பத்திலிருந்து தை பிறக்க ஐந்து மாதத்துக்கு மேல் இருக்கிறது. கணக்கு உதைக்கிறது.

இதைவிடச் சுவையானது ஆடி என்ற தேவமங்கையின் கதை. பார்வதி இல்லாத நேரத்தில் பாம்பு வடிவில் உள்ளே வந்து சிவனை நெருங்கினாள், சாபம் பெற்று வேப்பமரம் ஆனாள், அதனால்தான் ஆடியில் அம்மனுக்கு வேப்பிலை என்று போகும். மச்ச புராணத்தில் ஆடி என்றொரு பாத்திரம் உண்மையாகவே உண்டு. ஆனால் அவன் ஆண், அந்தகாசுரனின் மகன். பாம்பாக நுழைந்து, பார்வதியின் உருவெடுத்து ஏமாற்றப் பார்த்துச் சிவனால் கொல்லப்படுகிறான். அங்கே வேப்பமரமும் இல்லை, மாதத்தின் பேச்சும் இல்லை. அசுரன் எப்போது தேவமங்கை ஆனான், வேம்பு எங்கே முளைத்தது என்று யோசித்தால், ஒரு பண்டிகைக் கதை எப்படித் தன்னைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்கிறது என்பதற்கு இதுவே நல்ல உதாரணம். கோயிலில் வேப்பிலை முதலில் இருந்திருக்கும், காரணம் கேட்டவர்களுக்காகக் கதை பிறகு வளைந்து வந்திருக்கும்.

இனிப் பானை. அம்மனைக் குளிர்விக்கும் கூழ் என்கிற விளக்கம் இங்கேதான் வழுக்கி விழுகிறது. தமிழ்நாட்டில் ஆடியில் அம்மன் கோயில்களில் வார்ப்பது கேழ்வரகு, கம்புக் கூழ். உப்புப் போட்டது, மோரும் வெங்காயமும் சேர்வது, ஊருக்கே பொதுவில் வார்ப்பது. எங்கள் கூழ் அரிசிமாவும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும். இனிப்பு, அதற்குள் மிளகு. வீட்டில் காய்ச்சிச் சுடச்சுடக் குடிப்பது. மிளகு போட்ட சுடுகூழைக் குளிர்ச்சி என்று சொல்ல நாக்கு வராது. வெளியூர்க்காரர் "யாழ்ப்பாணக் கூழ்" என்று தேடிப்போய் நண்டும் இறாலும் போட்டு, ஒடியல் என்கிற காயவைத்த பனங்கிழங்கின் மாவில் காய்ச்சும் ஒடியற்கூழைக் குடித்துவிட்டு இதுதான் ஆடிக்கூழ் என்று எழுதுவதும் நடக்கிறது. அது வேறு சாமான்.

எட்டுப் பேருக்குக் காய்ச்ச, சிவப்புப் பச்சரிசி மா 250 கிராம், பாசிப்பயறு 100 கிராம், பனங்கட்டி 300 முதல் 350 கிராம், தேங்காய் இரண்டு, சொட்டுக்கு, அதாவது சிறு தேங்காய்த் துண்டுகளுக்கு, இன்னும் அரைமூடி, மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, ஏலக்காய் நாலு, உப்பு ஒரு சிட்டிகை. தேங்காயைப் பிழிந்து தலைப்பால் இரண்டு கோப்பை தனியே எடுத்து வையுங்கள். இரண்டாம், மூன்றாம் பாலைச் சேர்த்து எட்டுக் கோப்பை வரவேண்டும்.

பயறை நிறம் மாற வறுத்து, கோதுடைத்துப் புடைத்து, தனியே வெறும் தண்ணீரில் அவியுங்கள். பனங்கட்டியோடு சேர்த்து அவிக்கக்கூடாது. இனிப்பும், கருப்பநீர் என்கிற பனஞ்சாறு புளிக்காமல் இருக்க முட்டிக்குள் பூசும் சுண்ணாம்பும் சேர்ந்து பயறை இறுக்கிவிடும், பிறகு எவ்வளவு நேரம் அவித்தாலும் பல்லில் கடிபடும். பனங்கட்டியைக் குட்டானிலிருந்து (ஓலைப் பெட்டியிலிருந்து) எடுத்து அரைக் கோப்பை தண்ணீரில் காய்ச்சி வடியுங்கள். மணலும் ஓலைத் துண்டும் அடியில் நிற்கும். வாங்கும்போது ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். புளிப்புத் தட்டினால் வேண்டாம், பால் திரையும்.

மாவை இளஞ்சூட்டில் வறுத்து, மூன்றில் இரண்டு பங்கை நன்றாகக் கொதித்த தண்ணீர் விட்டுக் குழைத்துச் சுண்டங்காய் அளவு உருண்டை பிடிக்க வேண்டும். தண்ணீர் கொதி குறைந்தால் உருண்டை கூழுக்குள் கரைந்து போகும். இரண்டாம் பால் கொதித்து வரும்போது உருண்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மேலே மிதந்து வரும்வரை அகப்பையை உள்ளே விடாதீர்கள். அவசரப்பட்டுத் துழாவினால் உடையும். மிதந்த பின் பயறு, தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டிப் பாகு. மிச்ச மாவைப் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கை ஊற்ற மறுகை துழாவ வேண்டும். பத்து நிமிடமாவது கொதித்தால்தான் பச்சைமா வாசம் போகும். பொடித்த மிளகு, சீரகம், ஏலம் போட்டு, அடுப்பைத் தணித்துத் தலைப்பாலை விட்டு, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்குங்கள். தலைப்பால் தளதளவென்று கொதித்தால் எண்ணெய் பிரிந்துவிடும். நீங்கள் விரும்பும் பதத்தைவிடத் தண்ணியாக இறக்குவதே சரி, ஆறும்போது தானே தடிக்கும். பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் குடித்தால் அந்த வாசமும் சேரும்.

இந்தப் பொருட்களை மட்டும் வைத்துப் பார்த்தால், ஆடிக்கூழ் பனையும் தென்னையும் உள்ள வீட்டுச் சாப்பாடு. ஆறோ போரோ அசுரனோ அதற்குள் இல்லை.

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) எழுதிய ஆடிப்பிறப்புப் பாட்டு யாழ்ப்பாணத்தில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அதைக் காரணம் தேடி ஒருமுறை படித்துப் பாருங்கள். நாளைக்கு விடுதலை என்று தொடங்குகிறது. பயறு வறுப்பது, மா இடிப்பது, கொழுக்கட்டை அவிப்பது, படைப்பது, பலாவிலையில் குடிப்பது எல்லாம் ஒழுங்காக வருகிறது. ஏன் என்று ஒரு வரிகூட இல்லை. அவருக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பண்டிகை என்றால் விடுமுறையும் சாப்பாடும்தான் என்று அவர் அறிந்திருந்தார். இன்றைக்கு அந்த விடுதலை இல்லை, பாட்டில் மட்டும் இருக்கிறது. பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் பெரிய கிடாரத்தில் கூழ் காய்ச்சி, அந்தப் பாட்டையே பாடி, ஆடிப்பிறப்பை "எங்கள் பண்பாட்டு நாள்" என்கிறார்கள். தேவர்களின் இரவு பின்னுக்குப் போய், பாட்டும் கூழும்தான் காரணமாகிவிட்டன. பழைய சைவர்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. எனக்கென்றால் இதுவும் இன்னொரு விளக்கம், மற்றவற்றைவிடப் பொய் குறைந்தது.

புலம்பெயர்ந்த ஊர்களில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் வேலைநாளில் ஆடி பிறந்தால் கூழைச் சனிக்கிழமைக்குத் தள்ளுகிறார்கள். பெயர்ச்சி நேரமும் பொழுதுபடும் கணக்கும் அங்கே செல்லாது. அங்கே காய்ச்சுகிறவர்களுக்கு ஒன்று: தகரத்தில் வரும் தேங்காய்ப்பாலில் பெரும்பாலும் தடிப்பாக்கும் பசை சேர்த்திருப்பார்கள். பால் இலகுவில் திரையாது, ஆனால் கூழ் களியாக இறுகும். கரைத்து ஊற்றும் மாவை அரைவாசியாகக் குறையுங்கள்.