பழிக்கு ஒரு ஆடு

2016 செப்டம்பரில் நான் ஓர் ஆர்.சி.ஏ. எழுதினேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மென்பொருள் வேலையில் ஏதாவது உடைந்து, க்ளையன்ட் கத்தி, ராத்திரி முழுக்க விழித்துச் சரிசெய்த பிறகு, 'ஏன் உடைந்தது' என்று எழுதிக் கொடுக்கவேண்டிய காகிதம் அது. அப்போது சிகாகோவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஆன்சைட்டில் இருந்தேன். பிரீமியம் நோட்டீஸ் அச்சடிக்கும் பேட்ச் ஜாப், அதாவது மொத்தமாக ஒரு வேலையை முடித்துத்தரும் நிரல், ஒரே இரவில் இரண்டு தடவை ஓடி, சில ஆயிரம் பேருக்கு ஒரே கடிதம் இரண்டு முறை போய்விட்டது.

ஜாபை இரண்டாம் தடவை ஓட்டியது சென்னையில் காலை ஷிஃப்டில் இருந்த ஒரு பையன். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். திரையில் 'ஃபெயில்' என்று வந்தது, ரன்புக் என்ற வழிமுறைக் கையேட்டில் 'மறுபடி ஓட்டு' என்று இருந்தது, ஓட்டினான். உண்மையில் முதல் தடவையே ஜாப் முழுதாக முடிந்திருந்தது. நான் 'காரணம்: மனிதப் பிழை' என்று எழுதி, கீழே அவன் பெயரையும் போட்டேன். பத்து நிமிட வேலை. க்ளையன்ட் மேலாளருக்குத் திருப்தி. இரண்டே நாளில் பையனை ப்ராஜெக்டிலிருந்து எடுத்து, வேலை எதுவும் தராமல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

க்ளையன்ட் பக்கத்தில் மெயின்ஃப்ரேம் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். முப்பது வருடமாக கோபோல் என்ற பழைய கணினி மொழி, காதில் எப்போதும் ஒரு பென்சில், கணினித் திரைக்கு மேலே 'டபிள்யூ' என்று நீல எழுத்து போட்ட சின்ன வெள்ளைக் கொடி. என் காகிதத்தைப் படித்துவிட்டு, "சரி, ஆட்டைக் கண்டுபிடிச்சாச்சு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மதியச் சாப்பாட்டின்போது விளக்கினார். அவருடைய பேஸ்பால் அணி சிகாகோ கப்ஸ். அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரைக் கடைசியாக வென்றது 1908ல். 1945ல் மறுபடி உலகத் தொடருக்குப் போனது. டெட்ராய்ட் அணிக்கு எதிராக 2-1 என்று முன்னிலையில் இருந்தபோது, நான்காவது ஆட்டத்துக்கு வில்லியம் சியானிஸ் என்ற மதுக்கடைக்காரர் தன் வளர்ப்பு ஆட்டோடு மைதானத்துக்கு வந்தார். நாற்றம் அடிக்கிறது என்று ஆட்டை வெளியே அனுப்பினார்கள். 'இனி இந்த அணி ஜெயிக்காது' என்று அவர் சாபம் விட்டதாகக் கதை. கப்ஸ் அந்த ஆட்டத்தில் தோற்றது, தொடரையும் இழந்தது. அதற்குப் பிறகு எழுபத்தோரு வருடம் உலகத் தொடர் பக்கமே போகவில்லை.

எங்கள் மொழியில் இதற்கு ஒரே சொல் இருக்கிறது என்று 'பலிகடா'வைச் சொன்னேன். கடா என்றால் ஆண் ஆடு என்றதும் பலமாகச் சிரித்தார். "அப்ப உங்க ஊர்லயும் கப்ஸ் மாதிரி ஒரு டீம் இருக்கணுமே!"

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு பேஸ்பால் முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். நின்றுகொண்டே இருக்கிறார்கள், திடீரென்று ஓடுகிறார்கள். பெரியவர் எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை, ஸ்கோர் அட்டை எழுதச் சொல்லிக்கொடுத்தார். பந்தை எறியும் பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் பிடிக்கும் கேட்சர் 2, இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6 என்று தடுப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். 6-4-3 என்று எழுதினால் பந்து யார் கையிலிருந்து யார் கைக்குப் போய் அவுட் ஆனது என்று தெரிந்துவிடும். இப்படி எழுதும் முறைக்கு அடிப்படை போட்டவர்களில் முக்கியமானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து, நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்துவிட்டு பேஸ்பாலுக்குத் தாவியவர். நம் ஆள் மாதிரி என்று கொஞ்சம் ஒட்டுதல் வந்தது.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. பேஸ்பால் ஸ்கோர் பலகையில் மூன்று கட்டம் உண்டு: ரன், ஹிட், எரர். எளிதாகப் பிடித்திருக்கவேண்டிய பந்தை ஷார்ட்ஸ்டாப் கோட்டை விட்டால், 'ஈ-6' என்று பதிவாகும். நம் கிரிக்கெட்டில் கேட்சை விட்டவன் பெயர் ஸ்கோர் அட்டையில் எங்கும் வராது. இங்கே பிழைக்குத் தனிக் கட்டமே இருக்கிறது. அதற்கென்று உட்கார்ந்திருக்கும் அதிகாரபூர்வ ஸ்கோரர் ஒவ்வொன்றையும் பார்த்து முடிவு செய்கிறார். இவ்வளவு நேர்மையாகக் கணக்கு வைக்கிற விளையாட்டுக்கு எதற்கு ஒரு ஆடு என்று கேட்டேன்.

பெரியவர் 2003 அக்டோபர் 14ஆம் தேதிக்குப் போனார். ஃப்ளோரிடா மார்லின்ஸுக்கு எதிரான தொடரில் கப்ஸ் 3-2 என்று முன்னிலை. ஆறாவது ஆட்டம், சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டில். எட்டாவது இன்னிங்ஸில் 3-0. இன்னும் ஐந்து அவுட் எடுத்தால் 58 வருடம் கழித்து உலகத் தொடர். இடதுபுறச் சுவரோரம் ஒரு ஃபௌல் பந்து, அதாவது ஆட்டக் கோட்டுக்கு வெளியே போகும் பந்து, எழும்பியது. மொய்சேஸ் ஆலு தாவினார். மேலிருந்து பல கைகள் நீண்டன, ஒரு ரசிகரின் கை பந்தில் பட்டது, ஆலுவால் பிடிக்கமுடியவில்லை. அவர் கோபத்தில் குதித்தது நாடு முழுக்கத் தெரிந்தது. அதே இன்னிங்ஸில் மார்லின்ஸ் எட்டு ரன் எடுத்தது. அந்த ரசிகரைப் பாதுகாப்போடு வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று. வீட்டுக்கும் போலீஸ் காவல். அந்தப் பந்தைக்கூட விடவில்லை. அடுத்த பிப்ரவரியில் கூட்டம் கூட்டி, வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

"நான் அன்னிக்கு ஸ்கோர் எழுதின அட்டை இன்னும் இருக்கு," என்றார் பெரியவர். மறுநாள் கொண்டுவந்து காட்டினார். அந்த ஃபௌல் பந்து அட்டையில் எங்கும் இல்லை. அதற்குக் கட்டமே கிடையாது. கொஞ்சம் தள்ளி 'ஈ-6' இருக்கிறது: ஷார்ட்ஸ்டாப் அலெக்ஸ் கொன்சாலஸ், இரண்டு அவுட்டாகக்கூட மாறியிருக்கக்கூடிய தரைப்பந்தை நழுவவிட்டார். களைத்துப்போன பிட்சரை மாற்றவில்லை. நடுவில் ஒரு வாக், அதாவது அடிக்காமலே பேட்டருக்குக் கிடைக்கும் பேஸ், அப்புறம் வரிசையாக ஹிட். மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் 5-3 என்று முன்னால் போயும் தோற்றார்கள். இத்தனையும் பென்சிலில் இருக்கிறது. ஆனால் ஊருக்கு ஞாபகம் இருப்பது ஒரே ஒரு கை.

அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன். அவர் என் ஆர்.சி.ஏ. பற்றி மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

அந்த வருடம் கப்ஸ் நல்ல அணி. 103 வெற்றி. பாஸ்டன் ரெட் சாக்ஸின் 86 வருடக் காத்திருப்பு 2004ல் முடிந்தபோது அங்கே அணியைக் கட்டியவர் தியோ எப்ஸ்டைன். அந்த வருடம் அவர் கப்ஸில் இருந்தார். அக்டோபரில் முதலில் சான் ஃபிரான்சிஸ்கோவை முடித்தார்கள். அடுத்து லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்கு எதிராக அடுத்தடுத்து இரண்டு ஆட்டத்தில் ஒரு ரன்கூட எடுக்கமுடியாமல் போய், அலுவலகமே துக்க வீடு மாதிரி ஆகி, பிறகு தொடர்ந்து மூன்று ஜெயித்தார்கள். அக்டோபர் 22 அன்று அது நடந்தது: 1945க்குப் பிறகு முதல் முறையாக உலகத் தொடர்.

வாசலில் செக்யூரிட்டியாக இருந்த கறுப்பின அம்மா மட்டும் அசையவில்லை. அவர் நகரத்தின் தெற்குப் பக்கம், அதாவது சிகாகோவின் இன்னொரு அணியான ஒயிட் சாக்ஸின் கட்சி. "நாங்க 2005ல ஜெயிச்சோம். அதுவும் 88 வருஷம் கழிச்சு. யாராவது கண்டுக்கிட்டாங்களா? எங்ககிட்ட ஆடு இல்ல, அதான்" என்றார். இதைவிடச் சரியான விமர்சனம் வேறு எந்த நிபுணரிடமும் நான் கேட்கவில்லை. ஆனால் உலகத் தொடரின் முதல் ஆட்டத்துக்கு மறுநாள் அவரே கூப்பிட்டு ஒன்று சொன்னார். முதல் பேட்டராக இறங்கிய டெக்ஸ்டர் ஃபௌலர்தான் உலகத் தொடரில் கப்ஸுக்காக ஆடிய முதல் கறுப்பினத்தவர். கணக்குப் போட்டால் புரிகிறது. கப்ஸ் கடைசியாக அங்கே போனது 1945. ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காக இறங்கி அந்தக் கதவைத் திறந்தது 1947. கதவைச் சாத்தியவர்களில் முக்கியமானவர் 1880களில் இதே சிகாகோ அணியின் தலைவராக இருந்த கேப் ஆன்சன். எதிரணியில் கறுப்பின வீரர் இருந்தால் ஆடமாட்டேன் என்று முரண்டு பிடித்தவர். பிறகு அந்த அணிக்கே முகமாக ஆனவர் எர்னி பேங்க்ஸ், 512 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்த கறுப்பினத்தவர். பத்தொன்பது பருவம் ஆடியும், பருவத்தின் இறுதிச் சுற்றான அக்டோபர் ஆட்டம் ஒன்றுகூட அவருக்கு வாய்க்கவில்லை. 2015 ஜனவரியில் இறந்துபோனார். "அவர் பார்த்திருக்கணும்" என்று சொல்லும்போது அந்த அம்மா ஒயிட் சாக்ஸ் கட்சி என்பதை மறந்திருந்தார்.

எதிரணி கிளீவ்லேண்ட். அவர்களும் 1948லிருந்து காத்திருப்பவர்கள்தான். தீபாவளியன்று கப்ஸ் 7-2 என்று தோற்று, தொடரில் 1-3 என்று பின்தங்கியது. நண்பர் வீட்டில் அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். 'இன்னும் ஒன்று தோற்றால் முடிந்தது' என்ற நிலையில் ஐந்தாவதை 3-2 என்று பிடித்தார்கள், ஆறாவதில் 9-3. பேஸ்பால் பந்தில் தையல் 108 என்றும், காத்திருந்த வருடமும் 108 என்றும் ஆபீஸில் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். 108 என்றால் எங்கள் ஊரில் ஆம்புலன்ஸ் வரும் என்றேன். அந்த நிலைமையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 2, புதன்கிழமை, ஏழாவது ஆட்டம். அன்று இரவு நான் ஆன்-கால், ஏதாவது உடைந்தால் கூப்பிடவேண்டிய ஆள். மாதத் தொடக்கத்து நோட்டீஸ் ஜாப் ஓடவேண்டும். ஒரு பக்கம் லேப்டாப், மறு பக்கம் டிவி. 5-1 என்று முன்னால் போனது கப்ஸ். கேட்சர் டேவிட் ராஸ் தப்பாக எறிந்தார், அடுத்து பிட்சர் தாறுமாறாக எறிந்த ஒரே பந்தில் இரண்டு ரன் போனது. எட்டாவது இன்னிங்ஸில் 6-3 என்று இருந்தபோது கொண்டுவரப்பட்ட பிட்சர் அரோல்டிஸ் சாப்மன். ஐந்தாவது ஆட்டத்தில் எட்டு அவுட் வரை இழுத்து, ஆறாவது ஆட்டத்தில் ஐந்து ரன் முன்னிலை இருந்தபோதும் விடாமல் இறக்கி, மேனேஜர் ஜோ மேடன் அவரைப் பிழிந்துவிட்டிருந்தார். முதலில் ஒரு ரன் போனது. அடுத்து கிளீவ்லேண்டின் ரஜாய் டேவிஸ் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்தார். 6-6. ஒன்பதாவது முடிந்ததும் மழை.

பதினேழு நிமிடம் ஆட்டம் நின்றது. அந்தப் பதினேழு நிமிடத்தில்தான் சென்னையிலிருந்து மெசேஜ் வந்தது. புதிதாக வந்த பெண், காலை ஷிஃப்ட். "அண்ணா, நோட்டீஸ் ஜாப் ஃபெயில்னு காட்டுது. ரன்புக்ல மறுபடி ஓட்டச் சொல்லியிருக்கு. ஓட்டவா?"

கை சில்லிட்டுவிட்டது. "தொடாதம்மா" என்று அடித்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். கோப்பு முழுதாக இருந்தது. ஜாப் முடிந்திருந்தது. பொய்யான அலர்ட், செப்டம்பரில் வந்த அதே அலர்ட். ரன்புக்கில் அதே வரி. கடைசிப் பக்கத்தில் 'சரிபார்த்தவர்' என்று இருந்த இடத்தில் என் பெயர், 2014ல் போட்டது. ஏற்கெனவே ஓடியதா என்று பார்க்கும் சோதனை ஒன்று ஜாபில் இருந்திருந்தால் இரண்டாம் தடவை ஓடியே இருக்காது. பிழையின் மேல் ஒரு பையனின் பெயரை எழுதி மூடிவிட்டதால் அதைச் சேர்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

டிவியில் ஆட்டம் திரும்பியிருந்தது. அந்த மழை நேரத்தில் கப்ஸின் ஜேசன் ஹேவர்ட் வீரர்களை ஓர் அறைக்குள் கூட்டிப் பேசினார் என்று பிறகு தெரிந்தது. எட்டு வருடத்துக்கு 18.4 கோடி டாலர் ஒப்பந்தம் வாங்கிவிட்டு பேட்டிங்கில் சொதப்பியதற்காக வருடம் முழுக்கத் திட்டு வாங்கியவர் அவர்தான். பத்தாவது இன்னிங்ஸில் பென் ஸோப்ரிஸ்ட் இடது கோட்டோரம் அடித்தார், மிகெல் மொன்டேரோ இன்னொன்று. 8-6. கிளீவ்லேண்ட் ஒன்றைத் திருப்பியது. கடைசிப் பந்தை எடுக்கும்போது கிரிஸ் பிரையன்ட்டின் கால் வழுக்கியது. சிரித்துக்கொண்டே எறிந்தார். முதல் பேஸில் நின்ற ரிஸோ பிடித்து, பந்தைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தெருவில் கார்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. நான் சென்னைக்கு வழிமுறை டைப் செய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் பெரியவர் என்னை ரெட் லைன் ரயிலில் அடிசன் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். ரிக்லி ஃபீல்டின் செங்கல் சுவர் முழுக்க சாக்பீஸில் பெயர்கள். அப்பா, தாத்தா, பாட்டி, பார்க்காமலே போய்விட்டவர்கள். எட்டாத உயரத்தில் எழுத, முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவரையொருவர் தூக்கிவிட்டார்கள். அவரும் தன் அப்பா பெயரை எழுதினார்.

அங்கேயே ஓரமாக உட்கார்ந்து முந்தின இரவின் அட்டையைக் காட்டினார். கப்ஸின் எரர் கட்டத்தில் 3. ஹவியர் பயெஸ் இரண்டு, ராஸ் ஒன்று. ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்றாவது பேஸில் ஆள் நிற்க, இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு பயெஸைத் தட்டிவிடச் சொல்லி, அது ஃபௌலாகி அவுட். "தோத்திருந்தா இன்னிக்கு மேடன்தான் ஆடு," என்றார். "ஜெயிச்சுட்டோம். இத ஒருத்தனும் படிக்கமாட்டான்."

வெள்ளிக்கிழமை ஊர்வலம். ஆற்றில் நீலச் சாயம் கரைத்திருந்தார்கள். 50 லட்சம் பேர் என்று நகரத்தில் கணக்குச் சொன்னார்கள். யார் எண்ணினார்கள் என்று கேட்கக்கூடாது. ஆபீஸ் காலி. நான் உட்கார்ந்து செப்டம்பர் சம்பவத்துக்குப் புதிதாக ஓர் ஆர்.சி.ஏ. எழுதினேன். அலர்ட், சோதனை இல்லாத ஜாப், பழைய ரன்புக், அதைச் சரிபார்த்தவர். மேலாளர் படித்துவிட்டு, "மூடின டிக்கெட்டை எதுக்குத் தோண்டுற?" என்றார். டிக்கெட் என்றால் ஒரு பிழைக்கான பதிவு. அப்புறம் ஜாபில் சோதனையைச் சேர்க்க மட்டும் அனுமதி கொடுத்தார்.

பையனுக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. பொங்கலுக்கு ஊர் வந்தபோது விசாரித்தேன், வேறு கம்பெனிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

2017 கோடையில் பெரியவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல். ஓய்வுபெற்று, மிச்சிகன் பக்கம் எங்கோ ஏரிக்கரையில் இருந்தார். செய்தி ஒன்றை அனுப்பியிருந்தார், தன் பங்குக்கு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. 2003ல் பந்தைத் தொட்ட அந்த ரசிகருக்கு, கப்ஸ் நிர்வாகம் வெற்றி மோதிரம் ஒன்றைக் கொடுத்திருந்தது.

அன்றே க்ளையன்ட் சிஸ்டத்தில் அந்தப் பழைய டிக்கெட்டைத் திறந்தேன். மூடிய டிக்கெட்டில் எதையும் திருத்த முடியாது, கீழே குறிப்பு மட்டும் சேர்க்கலாம். சேர்த்தேன். பையனின் பெயர் இன்னும் மேலேதான் இருக்கிறது, இரண்டாவது வரியில்.